இடுப்பைத் தாண்டிய முடியோடு தினமும் வேலைக்குப் போக எப்படிக் கட்டுவது?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது. முடி இடுப்பைத் தாண்டி நிற்கிறது, அடர்த்தியும் அதிகம். விரித்துப் போடக் கூடாது, முகத்தில் விழக் கூடாது, சுத்தமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று வேலையில் சொல்லிவிட்டார்கள். கோரிமேடு வரை ஸ்கூட்டர், அங்கிருந்து பஸ். காலையில் தலைக்கு ஒதுக்க முடிவது பத்து நிமிடம். பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடையும் கல்லூரியில் போட்ட கிளிப்பும் தவிர வேறு எதுவும் தெரியாது, பேசாமல் வெட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

வேலைக்காக வெட்ட வேண்டாம், தங்கச்சி. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்தான் வளரும். உங்கள் இடுப்பில் தொங்கும் நுனி, ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு முன்னால் தலையில் முளைத்தது. ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடலாம். திரும்ப வேண்டும் என்று தோன்றினால் இன்னொரு ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கே ஆசை வந்து வெட்டினால் அது வேறு விஷயம், தோள் வரை உள்ள முடியும் அழகுதான். ஆபீசுக்கு நீள முடி சரிப்படாது என்று யாரோ சொன்னதற்காக வெட்டுவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அஸ்தம்பட்டியில் பார்லர் வைத்திருக்கிறேன். நர்சிங் படிக்கும் பெண்களுக்கும் ஓட்டல் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் கொண்டை போடக் கற்றுக்கொடுக்கிறேன். அப்படி வருகிறவர்களில் இடுப்பு வரை முடி உள்ளவர்கள்தான் கடைசியில் எல்லோரையும் விட நேர்த்தியாகக் கட்டுகிறார்கள். முடிச்சு நிற்க முடி இருக்கிறதே!

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீள முடிக்குப் பார்க்க வேண்டியது எடை. கல்யாண அலங்காரம் சில மணி நேரம் நின்றால் போதும், அதற்காக ஸ்பிரே அடித்து பின்னாகக் குத்தி நிறுத்துகிறோம். வேலைக்குப் போடும் கொண்டை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை நிற்க வேண்டும், தலையும் வலிக்கக் கூடாது. உச்சியில் தூக்கிக் கட்டினால் அத்தனை முடியின் பாரமும் நெற்றியோர முடியின் வேரில் விழுகிறது. மதியத்துக்குள் மண்டை விண்ணென்று தெறிக்கும். அதே முடியைப் பிடரிக்குழியில் கட்டினால் பாரம் முடி விழுகிற திசையிலேயே இறங்கி, கழுத்தின் மேல் சாய்ந்து நின்றுவிடும். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது தாழ்ந்த பின்னல் கொண்டை. வாரத்தில் ஐந்து நாள் இதுவே போதும்.

போடும் முறையை விரிவாகவே சொல்கிறேன். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்கள். ஒரு சாண் நுனி, பிறகு இன்னொரு சாண், அப்படியே மேலே. மேலிருந்து இழுத்தால் சின்னச் சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். ஈரத்தோடு வாரவே வேண்டாம். நனைந்த முடி காய்ந்த முடியை விட அதிகமாக நீண்டு கொடுக்கும், அந்த நிலையில் இழுத்தால்தான் அறுகிறது. சிக்கெடுத்ததும் முடி முழுவதையும் பிடரியில் சேர்த்து, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அங்கே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். பிறகு சாதாரண மூன்று கால் சடையை நுனி வரை பின்னி, கீழே சின்ன ரப்பர் போடுங்கள். இனி சடையைத் தலையோடு ஒட்டி வட்டமாகச் சுற்றுங்கள். முதல் சுற்று இறுக்கமாகவும் அடுத்தடுத்த சுற்றுகள் அதன் ஓரத்தை ஒட்டியும் வரட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் கொண்டை வெளியே துருத்திக்கொண்டு ஆடும். தட்டையாகச் சுற்றினால் தலையோடு உட்கார்ந்துகொள்ளும். நுனியைக் கொண்டைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது பின் குத்துகிற இடத்தில்தான். யூ பின்னை நேராகக் கொண்டைக்குள் குத்தினால் அரை மணி நேரத்தில் நழுவி வெளியே எட்டிப் பார்க்கும். முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி கொண்டையின் ஓரத்தில் பிடித்து, கொண்டை முடியில் கொஞ்சமும் தலையை ஒட்டிய முடியில் கொஞ்சமும் சேர்த்து வாங்குங்கள். வாங்கியதும் பின்னை அப்படியே திருப்பி, கொண்டையின் நடுவைப் பார்த்து உள்ளே தள்ளுங்கள். அந்தத் திருப்பத்தில்தான் பிடிப்பே இருக்கிறது. நான்கு பக்கம் நான்கு, அடர்த்தியான முடிக்கு இடையில் இன்னும் இரண்டு. ஆறு பின்னுக்கு மேல் தேவைப்பட்டால் சுற்றியதில் கோளாறு, அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். காதோரக் குட்டி முடிக்குக் கருப்பு ஹேர்பின் போடும்போது நெளிவான பக்கம் தலையைத் தொட வேண்டும், வழவழப்பான பக்கம் வெளியே. கடைசியாக முடி நிறத்திலேயே ஒரு கொண்டை வலை. ரிசப்ஷனில் நிற்பவருக்கு வலை போட்டால் ஒரு முடிகூட வெளியே தெரியாது.

பின்னாமல் வெறுமனே முறுக்கிச் சுற்றினால் என்ன என்று கேட்பார்கள். தோளைத் தாண்டிய அளவு முடிக்கு அது நிற்கும். இடுப்பு வரை உள்ள முடியை முறுக்கினால் அதன் எடையே முறுக்கை அவிழ்க்கும். பின்னும்போது கால்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தலைக்குக் குளித்த அன்று முடி வழுக்கும், அன்று பின்னினாலும் நெகிழும். வார விடுமுறைக்கு முந்தைய நாளோ விடுமுறை அன்று காலையோ தலைக்கு ஊற்றிக்கொண்டால் டூட்டி நாளில் முடி சொன்னபடி கேட்கும்.

இனி உங்கள் பயணம். ஸ்கூட்டரில் கொண்டையோடு கிளம்பாதீர்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்குமே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. கொண்டை ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஹெல்மெட் தலையில் முழுதாக இறங்காது, முன்னால் சரிந்து நிற்கும். விழுந்தால் அது காப்பாற்றாது. யூ பின்னும் மண்டையில் குத்தும். வீட்டிலிருந்து ஒற்றைச் சடையாகக் கிளம்புங்கள். பிடரியில் தாழ்வாகத் தொடங்கிய சடை ஹெல்மெட்டுக்குக் கீழே வெளியே வந்துவிடும். அதைச் சுடிதாருக்குள்ளோ மேலே போடும் கோட்டுக்குள்ளோ விட்டுக்கொண்டால் காற்றில் சிக்காது, சக்கரத்துப் பக்கமும் போகாது. ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டுவது நல்லது, வேர்வையை அது வாங்கிக்கொள்ளும். தடிமனான ஸ்கார்ஃப் கட்டினால் ஹெல்மெட்டின் பிடிப்பு கெடும்.

பஸ்ஸிலும் சடையாகவே இருக்கட்டும். அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் தலை சீட்டில் சாய்ந்துவிடும், கொண்டையோ கிளட்சரோ இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் மண்டையில் இடிக்கும். சடையைத் தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். மேலே போய் யூனிஃபார்ம் மாற்றும்போது சுற்றிப் பின் போட மூன்று நிமிடம் ஆகும். காலையில் வீட்டில் சிக்கெடுத்துப் பின்ன ஆறேழு நிமிடம். நீங்கள் சொன்ன பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

ஏற்காட்டுப் பனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம் அது. கீழே சேலத்தில் படிய வாரிய முடி, மேலே மேகத்துக்குள் போனதும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உப்பிக்கொள்ளும். நெற்றியோரத்தில் குட்டி முடியெல்லாம் எழுந்து நிற்கும். உடனே ஜெல்லை அப்பிவிடாதீர்கள், ஈரம் பட்டதும் அது பிசுபிசுக்கும். உள்ளங்கையில் இரண்டே சொட்டு எண்ணெய் அல்லது சீரம் தேய்த்து, கையை மட்டும் முடிமேல் ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழி மாதத்தில் மலைமேல் பாட்டிலே கட்டியாக நிற்கும். அந்த மாதங்களுக்கு ஒரு சின்ன பாதாம் எண்ணெய் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். மேலேயே ஸ்டாஃப் ரூமில் தங்கும் நாட்களில் இரவு தலைக்குக் குளிக்காதீர்கள். அந்தக் குளிரில் அவ்வளவு முடி காலைக்குள் காயாது. உள்ளே ஈரத்தோடு கொண்டை போட்டால் சாயங்காலம் அவிழ்க்கும்போது வாடை வரும், பொடுகும் அரிப்பும் பின்னாலேயே வரும்.

ஆறாவது நாளுக்கு வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஒற்றைச் சடையே போட்டுப் போகலாம், உங்கள் மேலாளர் ஒப்புக்கொண்டால். சடை என்றால் பட்டிக்காட்டுத் தோற்றம் என்று சில பெண்கள் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேரான வகிடு, தாழ்வாகத் தொடங்கிய சீரான சடை, நுனியில் முடி நிறத்து ரப்பர். இதைவிடக் கண்ணியமான தோற்றம் எந்த ஆபீசுக்கும் கிடையாது. கலெக்டர் ஆபீசிலும் வங்கியிலும் எத்தனையோ பேர் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். முன்னால் லேயர் வெட்டியிருப்பவர்கள் பிரெஞ்சுச் சடை போடலாம். நெற்றிப் பக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துக்கொண்டு வருவதால் குட்டை முடிகளும் உள்ளே அடங்கும். ஆனால் முதல் மூன்று நான்கு எடுப்பு தளர்வாக இருக்க வேண்டும்.

குதிரைவால் இடுப்பு வரை உள்ள முடிக்கு ஆகாது. நாற்காலி முதுகில் உரசி உரசி மாலைக்குள் சிக்குப் பிடித்துவிடும். நடு முதுகு வரை என்றால் தாழ்வாகக் கட்டி, ஒரு கற்றையை எடுத்து ரப்பர் மேல் சுற்றி மறைத்தால் அழகாக இருக்கும். கிளட்சரும் அந்த அளவுக்குத்தான். உங்கள் முடிக்கு எவ்வளவு பெரியதை வாங்கினாலும் பல் விரிந்து ஒருநாள் உடையும். பாதி முடியை எடுத்துக் கிளிப் போட்டு மீதியை விரிப்பதை வேலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்காக இன்னொரு விஷயம். சேலத்தில் வேலை என்றால் ஆபீஸ் மட்டும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டையில் விசைத்தறி, சுற்றுவட்டாரத்தில் நூல் மில், ஜவ்வரிசி ஆலை. அங்கே முடி என்பது உயிர் சம்பந்தப்பட்டது. பட்டறையில் பாலிஷ் போடும் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று, வேகமானது 2,880 சுற்று ஓடும். 1,440 என்றால் நொடிக்கு 24 சுற்று. ஒரு அங்குலக் கனமுள்ள தண்டு ஒரு சுற்றில் 8 சென்டிமீட்டர் முடியை இழுக்கும். நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். 60 சென்டிமீட்டர் சடை முழுவதும் உள்ளே போக அரை நொடிகூட வேண்டாம். கை சுவிட்சுக்குப் போவதற்குள் தலை அங்கே இருக்கும். ஆகவே ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் சடையைத் தொங்கவிடவே கூடாது, ரெட்டைச் சடையும் கூடாது, குனிந்தால் இரண்டும் முன்னால் விழும். பின்னிச் சுற்றிய தாழ்ந்த கொண்டை, அதன் மேல் முழுத்தலையையும் மூடும் துணித் தொப்பி. தொங்கும் ரிப்பன், பூ, துப்பட்டா நுனி எதுவும் வேண்டாம். தொப்பி கொடுக்காத இடத்தில் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கும் கொண்டைதான், காலருக்கு மேலே நிற்கும்படி கொஞ்சம் உயர்த்தி. குனிந்து ஊசி போடும்போதும் புண் கட்டும்போதும் முடி நோயாளிமேல் படக் கூடாது. சமையல்கட்டு, பேக்கரி, ஓட்டல் கிச்சனில் இருப்பவர்கள் 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தலையை மூடியிருக்க வேண்டும். ரிசப்ஷனில் இருக்கும் உங்களுக்கு அது இல்லை. ஆனாலும் சாப்பாட்டு ஹாலுக்கு அடிக்கடி போய்வரும் வேலையென்றால் வலை நல்லது.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதும் பாதிதான். நம் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசின் மாதிரி ஒரு படிவை முடிமேல் விட்டுவிடும். முடி சொரசொரப்பாகி, சீப்பு இறங்காமல், பின்னினால் மொறமொறவென்று நிற்கும். தலைக்கு எந்தக் காரணத்துக்கும் துணி சோப்போ குளியல் சோப்போ போடாதீர்கள். ஷாம்பு அந்தப் படிவை அவ்வளவு விடாது. காவேரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊற்றிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றி, உடனே வெறும் தண்ணீரில் அலசலாம். மாதத்தில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

முடி கொட்டுவது பற்றியும் கேட்பீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தினமும் கட்டி வைப்பவர்களுக்கு அந்த உதிர்ந்த முடியெல்லாம் சடைக்குள்ளேயே தங்கி, அவிழ்த்து வாரும்போது மொத்தமாக வரும். பயந்துவிடாதீர்கள். பயப்பட வேண்டியது வேறு. நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலிவது, வேரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம், கட்டியதும் வலி, அவிழ்த்ததும் தலையில் கூச்சம். இவை தினமும் இழுத்துக் கட்டுவதால் வருகிறவை. ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகி நிரந்தரமாகவே போய்விடும். வகிட்டை அடிக்கடி இடம் மாற்றுங்கள், கொண்டையை ஒருநாள் இடப்பக்கம் ஒருநாள் வலப்பக்கம் சற்று நகர்த்துங்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் தளர்ந்த சடை போதும். கீற்றுக் கீற்றாக வழுக்கை தெரிந்தால் பார்லருக்கு வராதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பூவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வ.உ.சி. பூ மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் கொண்டைக்குப் பூ வைக்காதே என்று எப்படிச் சொல்வேன்? ஓட்டல் அனுமதித்தால் நான்கு விரல் நீளம் குண்டுமல்லி, கொண்டையின் அடிப்பக்கத்தை ஒட்டி, தொங்காமல். மொட்டாக வாங்கினால் மதியம் வரை வெள்ளையாக இருக்கும். பழுத்ததும் எடுத்துவிடுங்கள். சின்ன ஏசி அறையில் பக்கத்தில் உட்காருபவருக்கு மல்லி வாசம் தலைவலி தருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பையில் ஒரு சின்ன பர்ஸ் தனியாக இருக்கட்டும். எட்டு யூ பின், நான்கு ஹேர்பின், இரண்டு ரப்பர் பேண்ட், ஒரு வலை, ஒரு கைச்சீப்பு. அடிவாரத்தில் நின்று பின் தேட முடியாது. வேலைக்குச் சேரும் நாளுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே இந்தக் கொண்டையைப் போட்டு மாலை வரை அவிழ்க்காமல் வீட்டு வேலை பாருங்கள். பின்பக்கத்தைத் தங்கச்சியையோ தம்பியையோ போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்தப் பின்னை மட்டும் எடுத்து அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். அப்படியும் வலித்தால் பிடரியில் போட்ட ரப்பர் இறுக்கம், அதை இன்னொரு விரல் அளவு தளர்த்துங்கள்.